சிராகூசா, ஒர்தீஜா தீவில் இரண்டு இரவு: சனி மதியம் முதல் திங்கள் மாலை வரை எதை எப்போது பார்ப்பது, எங்கே சாப்பிடுவது?

அல்லிக்குளம்:
வணக்கம். மே கடைசி வாரம் சனிக்கிழமை மதியம் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள கத்தானியா விமான நிலையத்தில் இறங்குகிறோம். திங்கள் இரவு 9 மணிக்கு அங்கிருந்தே திரும்பும் விமானம். நடுவில் முழுக்க சிராகூசாதான். நாங்கள் இருவர், தங்கை, 68 வயது அம்மா. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலியால் படி ஏறி இறங்குவது சிரமம். சுத்த சைவம், முட்டையும் கூடாது. மற்ற மூவரும் மீன் என்றால் விடமாட்டோம். கத்தானியாவில் தங்கிப் பகலில் போய் வரலாமா, இல்லை அங்கேயே தங்கலாமா? கார் வேண்டுமா? எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது?

தூண்வரிசை:
அங்கேயே தங்குங்கள், அதுவும் நகரத்தின் பழைய பகுதியான ஒர்தீஜா தீவுக்குள். பகலில் வந்து போகிறவர்கள் 11 மணிக்கு வந்து 5 மணிக்குக் கிளம்புகிறார்கள். அந்த நகரத்தின் நல்ல நேரம் அந்த ஆறு மணி நேரத்துக்கு வெளியே இருக்கிறது. காலை ஏழரைக்கு துவோமோ, அதாவது பேராலயச் சதுக்கத்தில் கூட்டமே இருக்காது. மாலை சாய்வெயிலில் சுண்ணாம்புக் கல் முகப்பு முழுக்க மஞ்சளாக மாறும்.

உங்கள் கிழமைகளை முதலில் கவனியுங்கள், சிக்கலே அதில்தான். ஞாயிறு சந்தை கிடையாது. திங்கள் தொல்லியல் அருங்காட்சியகம் கிடையாது. ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். சிறிய தேவாலயங்கள் பன்னிரண்டரை வாக்கில் மூடி நான்கு மணிக்கு மேல் திறக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் போனால் மூன்று நாளும் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரும்.

அதனால் என் பரிந்துரை: சனி மாலை பேராலயமும் கடலோர நடையும். ஞாயிறு காலை நெயாபோலிஸ் தொல்லியல் பூங்கா திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். முடித்ததும் பாவ்லோ ஓர்சி தொல்லியல் அருங்காட்சியகம், அது பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை அது மதியத்தோடு மூடிவிடும் என்பதால் பதினொன்றேகாலுக்குள் அங்கே நிற்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, அதையே வாங்குங்கள். திங்கள் காலை சந்தையும் அப்பல்லோ கோயிலும், மதியம் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து.

கடலோடி:
கார் வேண்டவே வேண்டாம். ஒர்தீஜாவின் நீளமே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அதோடு தீவின் பெரும்பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். நுழைவாயில் பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கேமரா ஓடுகிறது, உள்ளே போகக்கூடாது என்று பொருள். 'அத்தீவோ' என்பதைத் திறந்திருக்கிறது என்று நினைத்து வண்டியை விட்டுவிடுகிறார்கள். அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். முகவரியைக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி தனிக் கட்டணம் போடும். எப்படியும் காரில்தான் வருவேன் என்பவர்கள் பாலத்துக்கு முன்னால் உள்ள மோலோ சாந்த் அந்தோனியோ நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வரட்டும்.

விமான நிலைய வாசலிலிருந்தே சிராகூசாவுக்கு நேர்ப் பேருந்து உண்டு. அறுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் வந்தாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், ஆனால் விமான நிலைய ரயில் நிறுத்தம் முனையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அம்மாவும் பெட்டியும் இருக்கும்போது பேருந்துதான் சரி. ரயிலிலேயே வருவதானால் ஒன்று நினைவிருக்கட்டும்: வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், கைபேசி டிக்கெட் என்றால் 'செக் இன்' செய்ய வேண்டும். செய்யாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

பேருந்து நிற்பது சிராகூசா ரயில் நிலையத்தை ஒட்டி. அங்கிருந்து ஒர்தீஜா சமதளத்தில் இருபது நிமிட நடை. டாக்சியைக் கைகாட்டி நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. நிறுத்தத்தில் போய் ஏற வேண்டும், அல்லது தங்குமிடத்தில் சொல்லி வரவழைக்க வேண்டும். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். அறை போடும்போது 'லிஃப்ட் உண்டா, எத்தனை படி' என்று எழுதிக் கேளுங்கள். பழைய மாளிகைகளைப் பிரித்துத்தான் அறைகளாக்கியிருக்கிறார்கள். முதல் மாடி என்று போட்டிருப்பது நம் கணக்கில் இரண்டு மாடி உயரத்துக்குக்கூட இருக்கும். தங்கும் வரி தலைக்கு, இரவுக்கு என்று தனியாக வாங்குவார்கள். பல இடங்களில் ரொக்கமாகத்தான்.

அல்லிக்குளம்:
மிக்க நன்றி. பூங்காவில் அம்மாவால் எவ்வளவு தூரம் போக முடியும்? கிரேக்க அரங்கத்தில் மே மாதம் நாடகம் நடக்கும் என்று படித்தோம். அதனால் பகலில் பார்ப்பதற்குத் தடை ஏதும் உண்டா?

தூண்வரிசை:
தடை இல்லை, ஆனால் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். 1914-இலிருந்து அங்கே பண்டைய நாடகங்களை மேடையேற்றுகிறார்கள். மே, ஜூன் இரண்டும் பருவத்தின் நடுப்பகுதி. அந்த மாதங்களில் கல் இருக்கைகளின் மேல் மரப்பலகை பரப்பி மூடியிருப்பார்கள், கீழே நாடக அரங்க அமைப்பு நிற்கும். பாறையைக் குடைந்த வெறும் அரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இலையுதிர்காலம் அல்லது குளிர்காலம்தான். நாடகம் உள்ள நாளில் பூங்காவும் முன்னதாகவே மூடும். அதனால்தான் காலை என்று அழுத்திச் சொன்னேன்.

பலகை இருந்தாலும் பார்க்க நிறைய இருக்கிறது. அரங்கத்தின் விட்டம் சுமார் 138 மீட்டர், ஆதியில் 67 வரிசை. கட்டியது என்பதைவிட வெட்டியது என்பதே சரி, முழுக்க ஒரே பாறை. மேல் பாதியையும் கீழ் பாதியையும் பிரிக்கும் நடைபாதைச் சுவரில் கிரேக்க எழுத்துகளைத் தேடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெயர்: ஒலிம்பிய சேயுஸ், மன்னன் இரண்டாம் ஹீரோன், அவன் மனைவி ஃபிலிஸ்திஸ், மருமகள் நெரெயிஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் உட்காருமிடத்தை அடையாளம் காட்டிய பெயர்கள் இன்றும் சுவரில் நிற்கின்றன. பல எழுத்துகள் மங்கிவிட்டன, காலைச் சாய்வெயிலில்தான் நிழல் விழுந்து தெரியும். உச்சியில் பாறைக் குகைக்குள் தண்ணீர் இன்னும் விழுகிறது. மேல் வரிசைகள் இல்லாமல் போனதற்குக் காரணம் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஒர்தீஜா கோட்டைச் சுவருக்குக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது.

அடுத்து கல் குவாரிப் பள்ளம். சிராகூசாவை ஆண்ட கொடுங்கோலன் தியோனீசியஸின் பெயரால் 'தியோனீசியஸின் காது' என்னும் குகை அங்கேதான். உயரம் 23 மீட்டர், நீளம் 65 மீட்டர், எஸ் வடிவ வளைவு. எல்லோரும் உள்ளே போய்க் கத்திவிட்டு வந்துவிடுகிறார்கள். சுவரை அருகில் போய்ப் பாருங்கள். உளிக்கோடுகள் கிடைமட்டமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். மேலே குறுகலாகத் தொடங்கி, கீழே போகப் போக அகலப்படுத்தி வெட்டியிருக்கிறார்கள். குகைக்கு அந்தக் கூரான உச்சி வந்தது அப்படித்தான். பெயரைச் சூட்டியவர் ஓவியர் கரவாஜ்ஜோ, 1608-இல் அங்கு வந்தபோது.

அம்மா விஷயம்: நுழைவாயிலிலிருந்து அரங்கம் வரை சரிவுப் பாதை, மெதுவாகப் போகலாம். அரங்கத்தின் மேல் விளிம்புக்கு ஏற வேண்டாம், கீழேயே முழு வளைவும் தெரியும். குவாரிக்கு இறங்க வேண்டும், ஆனால் அங்கே மரநிழல் உண்டு. முதலில் அரங்கம், வெயில் ஏறும்போது குவாரி என்ற வரிசையில் போங்கள். ஒர்தீஜாவிலிருந்து பூங்கா இரண்டரை கிலோமீட்டர், லேசான ஏற்றம். போகும்போது டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமர நிழல்:
வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசா அருகில் 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாவின் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்த அளவு அது. மே கடைசியில் அப்படி இருக்காது, ஆனால் வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அரங்கத்தில் துளி நிழல் கிடையாது. தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ரப்பர் அடி உள்ள செருப்பு. ஒர்தீஜாவின் தரைக்கல் பல நூற்றாண்டு காலடி பட்டு வழுவழுப்பாகிவிட்டது. காலையில் கழுவிவிட்ட தெருவில் அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யூதத் தெருவில் நிலத்தடியில் உள்ள சடங்குக் குளம் அம்மாவுக்கு வேண்டாம். தரைக்கு 18 மீட்டர் கீழே, முழுக்கப் படிதான்.

மிளகுத்தூள்:
சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கிடைக்குமா என்றால், தாராளமாகக் கிடைக்கும். சிசிலியின் கிழக்குக் கரை கத்தரிக்காய் நாடு. ஆனால் சைவம் போலவே தெரியும் அசைவம் மூன்று உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது நெத்திலி. உப்பில் ஊறிய நெத்திலியை எண்ணெயில் கரைத்துவிடுவார்கள், துண்டு கண்ணில் படாது. பட்டியலில் 'மொல்லீக்கா', அதாவது வறுத்த ரொட்டித் தூள் என்று இருந்தால் பெரும்பாலும் அடியில் நெத்திலி கரைந்திருக்கும். சிராகூசா பாணி ஸ்பகெட்டியே நெத்திலியும் ரொட்டித் தூளும்தான். 'சென்ஸா ஆச்சூகே' என்று சொல்ல வேண்டும். இரண்டாவது பன்றிக் கொழுப்பு, அங்கே 'ஸ்த்ருத்தோ'. கன்னோலி என்னும் இனிப்பின் மொறுமொறு ஓட்டில், சில ரொட்டிகளில், பிரியோஷ் என்னும் மென்மையான பன்னில்கூட இருக்கும். மூன்றாவது பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் கன்றுக் குடல் நொதி. பெரும்பாலான கெட்டிச் சீஸ்களில் அதுதான். அம்மா அதையும் தவிர்ப்பார் என்றால் சீஸ் இல்லாமல் கேட்பதுதான் நிச்சயமான வழி.

முட்டை விஷயத்தில் நல்ல செய்தி: காய்ந்த பாஸ்தா என்பது கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. 'பாஸ்தா அல்லுவோவோ' என்று எழுதியிருந்தால் முட்டை சேர்த்தது.

அம்மாவுக்குத் துணிந்து சொல்லக்கூடியவை: நோர்மா பாஸ்தா. பொரித்த கத்தரிக்காய், தக்காளி, துளசி இன இலை, மேலே உப்பு ரிக்கோத்தா சீஸ் துருவல். துருவலை வேண்டாம் என்றாலும் ருசி குறையாது. கப்போனாத்தா: கத்தரிக்காய், செலரித் தண்டு, ஆலிவ், கேப்பர் மொட்டு, வினிகரும் சர்க்கரையும். நம் புளிப்பு இனிப்புத் தொக்கு பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். சில இடங்களில் பேய்க்கணவாய் அல்லது சூரை சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள். மரினாரா பீட்ஸாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும்தான், சீஸ் கிடையாது. ஆனால் அதன் மேலும் நெத்திலி வைக்கும் கடைகள் உண்டு.

காலை உணவுக்கு பாதாம் கிரானீத்தா, அதாவது பாதி உறைய வைத்துக் கிளறிய இனிப்பு. பாதாம், தண்ணீர், சர்க்கரை, அவ்வளவுதான். பால் சேர்ப்பதில்லை. பக்கத்து ஊர் ஆவொலா பாதாமுக்குப் பேர்போனது, அதனால் சிராகூசாவில் எலுமிச்சையைவிட பாதாமையே முதலில் கேளுங்கள். கூடத் தரும் பிரியோஷில் முட்டை உண்டு. அம்மாவுக்கு வெறும் ரொட்டி கேட்கலாம், பழைய வழக்கமும் அதுதான். உறைந்த பாறையாகவோ தண்ணீராகவோ இல்லாமல் கரண்டியில் குவிந்து நின்றால் நல்ல கிரானீத்தா. பொடிப்பொடி ஐஸாகப் பல்லில் நெரிந்தால் கிளறுவதில் கவனமில்லை என்று அர்த்தம்.

கடலோடி:
மீன் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முழு மீனின் விலை தட்டுக்கு அல்ல, 'ஏத்தோ'வுக்கு, அதாவது 100 கிராமுக்கு. பட்டியலில் 7 என்று பார்த்து மலிவு என்று சொல்லிவிடுவார்கள். மீன் 900 கிராம் வந்தால் 63 யூரோ. எடை போடும்போது கேளுங்கள், சமைக்கும் முன் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். தயங்கத் தேவையில்லை, அங்கே எல்லோரும் கேட்பதுதான். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த பொருள். தலைக்கு இரண்டு மூன்று யூரோ 'கொப்பேர்த்தோ' என்று சேர்ப்பது மேசைக் கட்டணம். ஏமாற்று இல்லை, எல்லா இடத்திலும் உண்டு. அதனாலேயே பெரிதாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

மே மாதம் சூரைப் பருவம். வாள்மீனும் இருக்கும். ரொட்டித் தூளும் திராட்சையும் வைத்துச் சுருட்டிய மத்தி கட்டாயம். கடல் முள்ளெலி ஸ்பகெட்டியை மே, ஜூனில் பட்டியலில் பார்த்தால் விட்டுவிடுங்கள். அந்த இரண்டு மாதம் இத்தாலியில் முள்ளெலி பிடிக்கத் தடை, தட்டில் வருவது இறக்குமதியோ உறைய வைத்ததோதான்.

திங்கள் மதியம் மீன் சாப்பிடாதீர்கள். ஞாயிறு படகு போவது குறைவு, திங்கள் சந்தையிலும் மீன் தட்டு பாதி காலியாகத்தான் இருக்கும். மீன் விருந்தைச் சனி இரவுக்கு வையுங்கள், அன்றைய வரத்து நன்றாக இருக்கும். ஆனால் சனி இரவு மேசை கிடைப்பது சிரமம், முன்பதிவு செய்யுங்கள். சமையலறை ஏழரைக்கு முன் அடுப்பு பற்றவைக்காது. மதியம் இரண்டரைக்கு மேல் போனால் சான்ட்விச்தான் மிஞ்சும்.

ஊர்சுற்றி மாமா:
அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு ஞாயிறு மதியம் நோட்டோ போய் வரலாமே? ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல்தான். அந்த பரோக் ஊரைப் பார்க்காமல் அங்கே வரை போய்த் திரும்புவதா?

தூண்வரிசை:
மாமா, இந்த இரண்டு நாளில் வேண்டாம். அந்தத் தடத்தில் ஞாயிறு ரயில் மிகக் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் இரவுச் சாப்பாடே போய்விடும். நோட்டோ நிலையத்திலிருந்து ஊருக்குள் மேட்டில் ஏற வேண்டும், முழங்கால் வலிக்கு ஆகாது. ஓர்சி அருங்காட்சியகத்தை விடக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. பூங்காவில் வெறும் கல்லைத்தான் பார்க்கிறோம். கோயில் கூரையில் வண்ணம் பூசிய சுடுமண் ஓடுகளும், நீர்த்தாரைச் சிங்கத் தலைகளும், 1804-இல் கிடைத்த லந்தோலீனா வீனஸ் சிலையும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓட்டில் சிவப்பும் கறுப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு பேராலயத்துத் தூண்களைப் பார்த்தால், அவை வெறும் சாம்பல் கல்லாக நின்றவை அல்ல என்பது புரியும்.

அந்தப் பேராலயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.மு. 480 வாக்கில் சிராகூசாவை ஆண்ட கெலோன் கட்டிய அத்தேனா கோயில் அப்படியே உள்ளே நிற்கிறது. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அடைத்தார்கள், உள் கருவறைச் சுவரில் வளைவுகளைத் துளைத்து மண்டபமாக்கினார்கள், 7-ஆம் நூற்றாண்டிலிருந்து தேவாலயம். முகப்பு மட்டும் 1693 பூகம்பத்துக்குப் பிறகு ஆந்த்ரேயா பால்மா வடிவமைத்தது. முன்வாசலில் படம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். இடப்பக்கச் சந்தில் திரும்பினால் தெருச் சுவரிலிருந்து அந்தக் கோயிலின் டோரிக் பாணித் தூண்கள் பாதி வெளியே புடைத்து நிற்பதைக் கையால் தொடலாம். உள்ளே போனால் அதே தூண்களின் மறுபாதி. தோளும் முழங்காலும் மறைத்த உடை வேண்டும், சிறு கட்டணம் உண்டு.

கரவாஜ்ஜோ இங்கே 1608-இல் வரைந்த புனித லூசியின் அடக்கம் ஓவியத்தைத் தேடுபவர்களுக்கு: அது பேராலயச் சதுக்கத்துத் தேவாலயத்துக்கும், தீவுக்கு வெளியே உள்ள லூசியின் கல்லறை தேவாலயத்துக்கும் இடையே மாறி மாறி இருந்திருக்கிறது. வழிகாட்டிப் புத்தகத்தை நம்பாமல், தங்குமிடத்தில் அன்றைய இடத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அல்லிக்குளம்:
அப்படியானால் நோட்டோ இல்லை, முடிவு. ஞாயிறு மதியத்துக்கு மேல் என்ன? இரவு விமானம் என்பதால் திங்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வேப்பமர நிழல்:
ஞாயிறு சாப்பிட்டு அம்மா ஒரு தூக்கம் போடட்டும், ஊரே அப்போது தூங்கும். ஐந்து மணிக்கு மேல் மேற்குக் கரையில் அரெத்தூசா ஊற்று. கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர், அதில் பாப்பிரஸ் புல் வளர்ந்து நிற்கிறது. 1798-இல் நைல் போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தன் கப்பல்களுக்குத் தண்ணீர் பிடித்தது இங்கேதான். அங்கிருந்து தீவின் முனையில் மனியாச்சே கோட்டை வரை சமதளம், வழியெல்லாம் உட்கார இடம் உண்டு. சூரியன் பெரிய துறைமுகத்தின் மேல் இறங்கும். கி.மு. 413-இல் ஏதென்ஸின் கடற்படை அழிந்தது அந்த நீரில்தான். பிடிபட்ட ஏழாயிரம் பேரைக் கல் குவாரிகளில் அடைத்து, எட்டு மாதம் நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீரும் அரை லிட்டர் அளவு தானியமும் கொடுத்தார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். அந்தச் சிறை நெயாபோலிஸில் உள்ள பள்ளம் அல்ல, கிழக்கே உள்ள கப்புச்சீனி குவாரி என்பதுதான் பொதுவான கருத்து.

தங்கைக்கு நீச்சல் வரும் என்றால் கிழக்குக் கரையில் விலியேனா கோட்டையடியில் பாறையிலிருந்து இறங்கலாம். மணல் கிடையாது, ஆழம் உடனே வரும், முள்ளெலிக்காக ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளட்டும்.

கடலோடி:
விமானம் 9 மணி என்றால் மாலை 5 மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்திருங்கள். அதற்கு முந்தைய வண்டியையும் குறித்து வையுங்கள். டிக்கெட்டைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகலாம், கேட்டால் வைத்துக்கொள்வார்கள்.

எட்னா எரிமலையையும் கணக்கில் வையுங்கள். சாம்பல் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தை மூடுவார்கள், அல்லது மணிக்கு இத்தனை விமானம் என்று குறைப்பார்கள். சாம்பல் என்பது பொடிக் கண்ணாடி மாதிரி, எஞ்சினுக்குள் போனால் உருகி ஒட்டிவிடும். அப்போது பல விமானங்களை கோமிஸோவுக்கோ பலேர்மோவுக்கோ திருப்பிவிடுவார்கள். ரோமிலிருந்து சென்னை டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் நடுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். ஒரே டிக்கெட்டில் சேர்த்து எடுத்திருந்தால் மாற்று ஏற்பாடு செய்வது விமானக் கம்பெனியின் பொறுப்பு.

மிளகுத்தூள்:
திங்கள் மதியச் சாப்பாடு மட்டும் மீதி. பல உணவகங்களுக்குத் திங்கள் விடுமுறை, அதனால் சந்தையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ கோயிலை ஒட்டித்தான் சந்தை தொடங்குகிறது. பத்து மணிக்குள் போங்கள், ஒரு மணிக்கு மேல் கடையைக் கட்டத் தொடங்குவார்கள். பக்கீனோ தக்காளி, உப்புக் கேப்பர், ஆலிவ், வெயிலில் காய்ந்த தக்காளி, எள் தூவிய ரொட்டி, ஓர் எலுமிச்சை. ரொட்டியைப் பிளந்து தக்காளியைக் கசக்கி எண்ணெயும் ஓரிகானோவும் போட்டால் அம்மாவுக்கு ஒரு வேளை முடிந்தது. வாங்கும்போது ரொட்டியில் ஸ்த்ருத்தோ உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சந்தைக் கடைசியில் சான்ட்விச் கடை வரிசை நீளமாக இருக்கும், பன்னிரண்டுக்கு முன் போனால் சீக்கிரம் கிடைக்கும். ஊருக்கு எடுத்துப்போக உப்புக் கேப்பர் வாங்குங்கள், வினிகரில் போட்டதை விட்டுவிடுங்கள். திரவம் இல்லாததால் கைப்பையிலும் போகும், சமைக்கும் முன் இருமுறை தண்ணீரில் அலசினால் போதும்.